ஆர்சி (ரிமோட் கண்ட்ரோல்) கார் பேரிங் மாத்துறது எப்படி: முதல் தடவ கழட்டுறவங்களுக்கு

கார் ஓடிட்டு இருக்கும்போது மோட்டார் சத்தத்துக்கு அடியில கீச்சுன்னு ஒரு சன்னமான சத்தம் கேக்குதா, திராட்டில (ஆக்சிலரேட்டர) விட்டதும் முன்ன மாதிரி உருண்டு போகாம சட்டுன்னு நிக்குதா, மோட்டார் வழக்கத்த விட சூடாகுதா, பேட்டரி சீக்கிரம் தீருதா? இதுல ஏதாவது ரெண்டு சேந்து வந்தா மொதல்ல பாக்க வேண்டியது பேரிங்கத்தான், அதாவது உள் வளையம், வெளி வளையம், நடுவுல உருள்ற குண்டுங்கன்னு ஆக்சில தாங்குற அந்த சின்ன பார்ட்ட. மோட்டார சந்தேகப்பட்டு, ஈஎஸ்சிய (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்துற போர்டு) சந்தேகப்பட்டு, அத மாத்தி இத மாத்தி பாத்துட்டு கடைசில பேரிங்குக்கு வர்றவங்கதான் ஜாஸ்தி, நானும் அந்த வழியாத்தான் வந்தேன்.

என் கதைய சொல்லிடுறேன். வலது பின் வீல்ல கீச்சு சத்தம் கேட்டுச்சு, சரி இன்னும் ஒரு பேட்டரி ஓட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன், அந்த ஒரு பேட்டரி மூணு பேட்டரி ஆச்சு. உள்ள பேரிங் ஜாம் ஆயி நின்னுடுச்சு, ஆனா ஆக்சில் நிக்குமா, மோட்டார் அத சுத்திட்டேதான இருக்கு, அதனால ஆக்சில் பேரிங்கோட உள் வளையத்துக்குள்ளயே வழுக்கி வழுக்கி சுத்தி, அந்த சூட்டுல ஹப்போட (பேரிங்க உள்ள வச்சு தாங்குற கூடு) பிளாஸ்டிக் இளகி, பேரிங் கோணலா போயி உக்காந்துகிச்சு. கழட்டி பாத்தா ஆக்சில்ல நகத்த வச்சா மாட்டுற அளவுக்கு ஒரு பள்ளம், அத சுத்தி நீலம் பாரிச்ச நெறம். ஒரே ஒரு பேரிங் மாத்த வேண்டிய எடத்துல ஹப்பு, ஆக்சில், ரெண்டு பேரிங் எல்லாம் சேந்து போச்சு. கார்லயே சின்ன பார்ட் அதுதான், அத கவனிக்காம விட்டா பக்கத்துல இருக்குற பெரிய பார்ட்ட எல்லாம் தின்னுட்டுத்தான் அடங்கும்.

எது போயிருக்குன்னு கண்டுபிடிக்கிறது

பேட்டரிய கழட்டிட்டு கார ஒரு டப்பா மேல தூக்கி வைங்க, நாலு வீலும் தரையில படாம தொங்கணும். ஒவ்வொரு வீலா கையால மெதுவா சுத்தி பாருங்க. நாலு வீல் டிரைவா இருந்தா ஒரு வீல சுத்தும்போது டிஃப் (ரெண்டு பக்க வீலுக்கும் சுழற்சிய பிரிச்சு குடுக்குற கியர் தொகுப்பு), ஷாஃப்ட் எல்லாம் சேந்து சுத்தும், அதனால எது கரகரங்குதுன்னு பிடிபடாது, அப்ப டிரைவ் ஷாஃப்ட்ட கழட்டி வீல மட்டும் தனியா சுத்தினாத்தான் தெரியும்.

அடுத்து ஆட்டம் பாக்கணும். வீல மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டி பாருங்க. இங்கதான் புதுசா வர்றவங்க ஏமாறுறாங்க, வீல் ஆடுனா பேரிங் போச்சுன்னு உடனே முடிவு பண்ணிடுறாங்க, ஆனா கிங்பின் (ஹப் திரும்புற அச்சு) தேஞ்சிருந்தாலும் ஆடும், பால் எண்டு (இணைப்புக் கம்பி முனைல இருக்குற உருண்டை மூட்டு) லூஸ் ஆனாலும் ஆடும், வீல் நட்டு லூஸா இருந்தாலும் ஆடும். அதனால ஒரு கையால ஹப்ப இறுக்கி புடிச்சிக்கிட்டு இன்னொரு கையால வீல மட்டும் ஆட்டுங்க. ஹப் அசையாம நின்னு வீல் மட்டும் ஆடினா மொதல்ல நட்ட இறுக்கி பாருங்க, அதுக்கப்புறமும் ஆடினா பேரிங் இல்லன்னா ஆக்சில். ஹப்பும் சேந்து ஆடினா பிரச்சனை வேற எடத்துல.

சத்தம் எங்க இருந்து வருதுன்னே தெரியலைன்னா ஒரு நீளமான திருப்புளிய எடுத்து அதோட முனைய ஹப் மேல வச்சு, கைப்பிடிய காதுக்கு பக்கத்து எலும்புல ஒட்டி வச்சு கேளுங்க. இன்னொருத்தர் வீல கையால சுத்தட்டும். நல்ல பேரிங்ல ஒரு மெல்லிய உஸ்ஸுன்னு சத்தம்தான் வரும், போன பேரிங்ல மணல போட்டு அரைக்கிற மாதிரி கேக்கும். பெரிய வண்டி மெக்கானிக்குங்க எஞ்சின்ல பண்றதுதான் இது, இந்த குட்டி காருக்கும் நல்லாவே வேலை செய்யும்.

கடைசி பரிட்சை, பேரிங்க வெளிய எடுத்ததுக்கு அப்புறம் பண்றது. அது வழியா உள்ள போற ஏதாவது ஒரு ஸ்க்ரூ டிரைவர்ல லேசா இறுக்கமா மாட்டி, வெளி வளையத்த விரல்ல புடிச்சு ரொம்ப மெதுவா, கடிகார முள்ளு நகர்ற மாதிரி திருப்புங்க. வேகமா சுண்டி விடாதீங்க. சுண்டி விட்டு எவ்வளவு நேரம் சுத்துதுன்னு பாக்குறது எல்லாரும் பண்ற தப்பு. புது பேரிங்ல கிரீஸ் நெறைய இருக்கும், அதனால ரெண்டு சுத்து சுத்தி நின்னுடும். கிரீஸ் எல்லாம் காஞ்சு போன பழைய பேரிங் விர்ருன்னு நேரம் போறது தெரியாம சுத்தும். அத பாத்து பழசு நல்லா இருக்கு புதுசு சரியில்லன்னு நெனச்சு, புதுச ஓரமா வச்சுட்டு பழசையே திரும்ப மாட்டினவங்கள நான் பாத்திருக்கேன். மெதுவா திருப்பும்போது விரல்ல ஒரு எடத்துல தடுக்குச்சுன்னா, நறநறன்னு இருந்துச்சுன்னா, உள் வளையத்த புடிச்சு பக்கவாட்டுல ஆட்டும்போது டக் டக்குன்னு அடிச்சுதுன்னா போச்சு. துளியூண்டு ஆட்டம் புது பேரிங்லயும் இருக்கும், அது தப்பில்ல, ஒரு புதுச கையில வச்சு ஒப்பிட்டு பாத்தா வித்தியாசம் தெரிஞ்சிடும்.

அளவு

பேரிங் அளவு மூணு நம்பரா சொல்வாங்க, உதாரணத்துக்கு 5×11×4. உள் ஓட்டை 5 எம்எம், வெளி விட்டம் 11 எம்எம், தடிமன் 4 எம்எம். அசல் கார்ல 10ல ஒரு பங்கு அளவு கார்கள்ல ரொம்ப அடிக்கடி வர்றது 5×10×4, 5×11×4, டிஃப்புக்கு 10×15×4. 8ல ஒரு பங்கு கார்கள்ல 8×16×5 நெறைய வரும். இதுல 5×10ம் 5×11ம் பாக்க ஒரே மாதிரி இருக்கும், வித்தியாசம் ஒரே ஒரு எம்எம்தான், சின்னது பெரிய ஓட்டைல போயி லொடலொடன்னு ஆடும், பெருசு உள்ளயே போகாது. கண்ணால பாத்து வாங்காதீங்க, கார் மேனுவல்ல பார்ட் லிஸ்ட்ல போட்டிருப்பான், இல்லன்னா வெர்னியர் காலிப்பர் வச்சு அளந்துக்குங்க.

பேர்லயும் குழப்பம் உண்டு. டமியாங்குற ஆர்சி கார் கம்பெனிக்காரங்க 5×11ஐ 1150ன்னு எழுதுவாங்க, அதாவது மொதல்ல வெளி அளவு 11, அப்புறம் உள் அளவு 5. அதே மாதிரி 1510னா 15க்கு 10. பொதுவா பேரிங் விக்கிற எடத்துல கேட்டா அங்க வேற நம்பர்: 5×11×4க்கு எம்ஆர்115, 5×10×4க்கு எம்ஆர்105, 10×15×4க்கு 6700, 8×16×5க்கு 688. இந்த 6700ல ஒரு சூட்சுமம், ரெண்டு பக்கமும் மூடி போட்டதுதான் 4 எம்எம் தடிமன், மூடி இல்லாதது 3 எம்எம்தான் இருக்கும், அதனால நம்பர மட்டும் சொல்லிட்டு வந்துடாம தடிமனையும் சேத்து சொல்லுங்க.

இன்ச் அளவு பேரிங் போட்ட பழைய மாடல்களும் இருக்கு. 16ல 3 இன்ச்னா 4.76 எம்எம், 5 எம்எம் பேரிங்க அந்த ஆக்சில்ல மாட்டினா போயிடும், போனப்புறம் ஆடும். உள்ள போச்சே, சரியாத்தான் இருக்கும்னு விட்டுடாதீங்க. சில எடத்துல ஓரத்துல சின்ன காலர் வச்ச பேரிங் வரும், அதுக்கு பதிலா சாதா பேரிங் போட்டா அது ஓட்டைக்குள்ள தள்ளிக்கிட்டே போகும், காலர் இருந்த எடத்துல காலர் வச்சதுதான் போடணும்.

மூடி விஷயத்துல ரெண்டு வகை. ரப்பர் மூடி போட்டது தூசி, தண்ணிய நல்லா தடுக்கும், கொஞ்சூண்டு இழுவை ஜாஸ்தி. இரும்புத் தகடு மூடி போட்டது லேசா சுத்தும், ஆனா அந்த தகடுக்கும் உள் வளையத்துக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி இருக்கும், அது வழியா மண்ணு போயிடும். மண்ணுல, புல்லுல, ஈரத்துல ஓட்டுறீங்கன்னா வீலுக்கு கண்ண மூடிட்டு ரப்பர் மூடி. தார் ரோட்டுலயோ கார்ப்பெட்லயோ ஓட்டுறவங்களுக்கு தகடு. செராமிக் பேரிங் பத்தி நெறைய பேசுவாங்க, அதுல குண்டு மட்டும்தான் செராமிக், வளையம் இரும்புதான், வேகமா சுத்துற மோட்டாருக்கு போட்டா அர்த்தம் இருக்கு, மண்ணு திங்கிற வீல் ஹப்புக்கு போடுறது என் கணக்குல வீண். ஏபெக் நம்பர் பெருசா இருந்தா ஒசத்தின்னும் சொல்வாங்க, அது வளையங்களோட அளவு எவ்வளவு துல்லியம்னு சொல்ற நம்பர், எவ்வளவு நாள் உழைக்கும்னு சொல்றதில்ல.

கார்ல பேரிங்கே இல்லாம பிளாஸ்டிக் புஷ் (குண்டு இல்லாத வெறும் வளையம்) போட்டு வந்திருந்தா, மொதல் வேலையா அத கழட்டி பேரிங் போட்ருங்க. புஷ்ல ஆக்சில் நேரடியா உராயுது, மண்ணு போனா ஓட்டை பெருசாகி வீல் ஆட ஆரம்பிக்கும். அளவு ஒன்னுதான், அப்படியே மாத்தி போட்டா போதும்.

எடுத்து வைக்க வேண்டியது

நல்ல ஹெக்ஸ் டிரைவர் வேணும், 1.5, 2, 2.5 எம்எம். கிட்டோட வர்ற வளைஞ்ச ஆலன் கீய தூக்கி உள்ள வைங்க, அது முனை மழுங்கிப் போய் ஸ்க்ரூ தலைய தின்னுடும், ஒரு ஸ்க்ரூ தலை வட்டமாயிடுச்சுன்னா அன்னைக்கு பொழுது அதோட போச்சு. வீல் நட்டுக்கு 10ல ஒரு பங்கு கார்ல பெரும்பாலும் 7 எம்எம் பாக்ஸ் ஸ்பேனர், 8ல ஒரு பங்குக்கு 17 எம்எம். நீலக்கலர் திரெட்லாக் (ஸ்க்ரூ தானா கழலாம புடிச்சு வைக்கிற பசை), கிரீஸ் கொஞ்சம், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், இயர் பட்ஸ், வெள்ளை துண்டு ஒன்னு. வெள்ளைன்னு சொல்றது வீம்புக்கு இல்ல, கறுப்பு மேஜையில கறுப்பு பின் விழுந்தா தேடி மாளாது. கழட்டுனத போட ஐஸ் ட்ரே நல்லா உதவும், மொதல் குழில மொதல்ல கழட்டினது, ரெண்டாவதுல அடுத்தது, திரும்ப மாட்டும்போது கடைசி குழில இருந்து பின்னாடியே வந்தா போதும்.

கழட்டுறது

ஒரே நேரத்துல நாலு மூலையையும் கழட்டாதீங்க. ஒன்ன முடிச்சுட்டு அடுத்தத தொடுங்க, அப்பத்தான் குழப்பம் வந்தா கழட்டாத பக்கத்த பாத்து சரி பண்ணிக்கலாம். ஒவ்வொரு கட்டத்துலயும் போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க, முக்கியமா வாஷர், ஷிம் (ரொம்ப மெல்லிசான வாஷர்) எந்த பக்கம் இருந்துச்சுன்னு தெரியிற மாதிரி.

பின் வீல்ல இருந்து ஆரம்பிங்க, ஸ்டீயரிங் தொல்லை இல்ல. மொதல்ல கார நல்லா பிரஷ் போட்டு தொடைச்சிடுங்க, மண்ணோட கழட்டினா அந்த மண்ணு நேரா புது பேரிங் உக்கார்ற எடத்துக்குத்தான் போகும். வீல் நட்ட கழட்டி வீல உருவினா பின்னாடி ஆறு பட்டை வச்ச ஒரு ஹெக்ஸ் இருக்கும், 10ல ஒரு பங்குல அது 12 எம்எம். அத இழுத்தா ஆக்சில்ல குறுக்கால ஒரு சின்ன பின் நிக்கும். இந்த பின்னுதான் இந்த பொழுதுபோக்குல மனுஷன் அதிகமா தொலைச்ச பொருளா இருக்கும். கார சாய்ச்சாலே நழுவி விழும், அதனால ஹெக்ஸ உருவின உடனே, வேற எந்த வேலைக்கும் முன்னாடி, அந்த பின்ன எடுத்து ட்ரேல போடுங்க.

இப்ப ஹப்ப அது மாட்டியிருக்குற சஸ்பென்ஷன் கையில (ஆர்ம்) இருந்து கழட்டணும். அதுல இருக்குற நீள பின்னோ ஸ்க்ரூவோ வெளிய வந்தா ஹப் தனியா வரும், டிரைவ் ஷாஃப்ட் டாக்போன் மாதிரி (ரெண்டு முனையும் உருண்டையா, கப்புக்குள்ள சும்மா நிக்கிற கம்பி) இருந்தா அதுவே கப்புல இருந்து நழுவிடும். இரும்புல ஏறுன ஸ்க்ரூ திரும்ப மாட்டேங்குதுன்னா பலத்த காட்டாதீங்க, உள்ள திரெட்லாக் இருக்கும், சால்டரிங் அயர்ன் முனைய ஸ்க்ரூ தலையில கொஞ்ச நேரம் வச்சு சூடு பண்ணிட்டு திருப்பினா வெண்ணெய் மாதிரி வரும். இது இரும்புல ஏறுன ஸ்க்ரூவுக்கு மட்டும்தான், பிளாஸ்டிக்ல ஏறுனதுக்கு இல்ல.

ஹப் கையில வந்தாச்சு. ஆக்சில உள்பக்கமா தள்ளினா வெளிய வந்துடும். இப்ப ஹப்ல முன்னாடி ஒரு பேரிங் பின்னாடி ஒரு பேரிங், ரெண்டுக்கும் நடுவுல சில கார்ல ஒரு சின்ன குழாய் ஸ்பேசர் இருக்கும். ஒரு பக்கத்துல இருந்து 2.5 எம்எம் டிரைவர உள்ள விட்டு, லேசா சாய்ச்சு, எதிர்பக்க பேரிங்கோட உள் விளிம்புல முனைய மாட்டி தள்ளுங்க. ஒரே எடத்துல தள்ளினா பேரிங் கோணலாகி இன்னும் இறுகிக்கும், அதனால கடிகாரத்துல 12, 6, 3, 9 இருக்குற மாதிரி மாறி மாறி நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளணும். ஸ்பேசர் குறுக்க இருந்தா டிரைவர் முனையால அத ஓரமா நகத்தினா பேரிங் விளிம்பு தெரியும். மொதல் பேரிங் வந்துட்டா ரெண்டாவது சுலபம், டிரைவர உள்ள விட்டு தள்ளினாலே வந்துடும்.

வரலைன்னா என்ன பண்றது? அவசரத்துல அண்டாக்குள்ளகூட கை போகாதும்பாங்க, இங்க அது நூத்துக்கு நூறு உண்மை, சுத்தியல எடுத்துடாதீங்க. ஹப் பிளாஸ்டிக்கா இருந்தாலும் அலுமினியமா இருந்தாலும் ஹேர் டிரையர்ல ஒரு ரெண்டு நிமிஷம் சூடு காட்டுங்க, ரெண்டுமே பேரிங் இரும்ப விட ஜாஸ்தி விரியும், பேரிங் புடி விட்டுடும். ஆக்சில்ல துருப்புடிச்சு ஒட்டிக்கிட்டு வரலைன்னா துரு இளக்குற எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு ஒரு மணி நேரம் தேமேன்னு விட்டுட்டு வந்து பாருங்க.

எல்லாத்துலயும் மோசமானது, இழுக்கும்போது பேரிங் பிரிஞ்சு உள் வளையமும் குண்டுங்களும் கொட்டிட்டு வெளி வளையம் மட்டும் ஹப்புக்குள்ளயே நிக்கிறது. தள்ளுறதுக்கு விளிம்பே இருக்காது. இதுக்கு ரெண்டு வழி எனக்கு பலிச்சிருக்கு. ஒன்னு, சுவத்துல ஸ்க்ரூ போட வைக்கிற பிளாஸ்டிக் பிளக் சரியான அளவுல ஒன்னு எடுத்து அந்த வளையத்துக்குள்ள சொருகி, அதுல ஸ்க்ரூவ முறுக்கினா பிளக் விரிஞ்சு வளையத்த உள்ள இருந்து கவ்விக்கும், அப்புறம் ஸ்க்ரூவ புடிச்சு இழுத்தா வளையமும் கூடவே வரும். இன்னொன்னு, சால்டரிங் அயர்ன் முனைய அந்த வளையத்தோட உள்பக்கம் வச்சு சூடாக்குறது, சுத்தி இருக்குற பிளாஸ்டிக் லேசா இளகினதும் ஹப்ப மேஜைல தட்டினா டொக்குன்னு விழும். பத்து பதினஞ்சு செகண்டுக்கு மேல வைக்காதீங்க, வச்சா ஓட்டை பெருசாயிடும், அப்புறம் ஹப்பே மாத்த வேண்டியதுதான்.

புதுச மாட்டுறது

பேரிங் உக்கார்ற ஓட்டைய இயர் பட்ஸ்ல ஆல்கஹால் தொட்டு தொடைங்க. ஒரே ஒரு மணல் துகள் பின்னாடி ஒட்டிட்டு இருந்தாக்கூட பேரிங் சாய்வா உக்காரும், சாய்வா உக்காந்தா ஒரு மாசத்துல போகும். ஆக்சிலயும் வெளிச்சத்துல புடிச்சு பாருங்க, நகம் மாட்டுற பள்ளம் இருந்தா புது பேரிங் போட்டு பிரயோஜனம் இல்ல, ஆக்சிலும் மாறணும்.

ஓட்டைக்குள்ள புது பேரிங் எப்படி போகணும்னா, கட்டை விரல்ல அழுத்தினா கொஞ்சம் எதிர்ப்பு காட்டிட்டு உள்ள போயி நிக்கணும். ஹப்ப கவுத்தா தானா விழுதுன்னா ஓட்டை தேஞ்சு போச்சு. அவசரத்துக்கு பேரிங்க சுத்தி குழாய்க்கு போடுற வெள்ளை டேப் ஒரு சுத்து சுத்தி அன்னைக்கு ஓட்டத்த ஒப்பேத்தலாம், ஆனா சீக்கிரமே புது ஹப் போடணும்.

இப்ப முக்கியமான விஷயம். ஹப்புக்குள்ள மாட்டும்போது வெளி வளையத்த மட்டும்தான் அழுத்தணும். உள் வளையத்த அழுத்தினீங்கன்னா அந்த பலம் முழுக்க குண்டுங்க வழியா போயி, குண்டு ஓடுற பாதைல கண்ணுக்கு தெரியாத குழி குழியா பதிஞ்சிடும், மாட்டின அன்னைக்கே பேரிங் கரகரங்கும், கடைக்காரன் ஏமாத்திட்டான்னு திட்டுவீங்க. பழச வெளிய தள்ளும்போது உள் வளையத்துல தள்ளினோமேன்னா, அது எப்படியும் தூக்கிப் போடப்போறதுதான், அதனால பரவால்ல. இதே பேரிங்க ஆக்சில் மேல ஏத்துறதா இருந்தா கதை தலைகீழ், அப்ப உள் வளையத்த அழுத்தணும். எந்த வளையம் இறுக்கமா உக்காருதோ அதுலதான் பலம் போகணும், இத மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டா போதும்.

அழுத்துறதுக்கு வெளி வளையம் அளவுக்கு இருக்குற ஒரு சாக்கெட், இல்லன்னா இப்ப கழட்டின பழைய பேரிங்கையே புதுசு மேல வச்சு அழுத்தலாம். ரொம்ப இறுக்கமா இருந்தா ஒரு நீள போல்ட்ட ஹப் வழியா விட்டு ரெண்டு பக்கமும் பெரிய வாஷர் வச்சு நட்ட முறுக்கினா அது அமைதியா நேரா இழுத்துட்டு போயி உக்கார வைக்கும், இருக்குறதுலயே நல்ல முறை இதுதான். அடில போயி உக்காந்ததும் கைக்கே தெரியும், முறுக்கு சட்டுன்னு கெட்டிப்படும், அதோட நிறுத்திடுங்க.

ஒரு பக்கம் ரப்பர் ஒரு பக்கம் தகடு இருந்தா ரப்பர் பக்கம் மண்ணு படுற வெளிப்பக்கம் பாத்து. மொதல் பேரிங் போட்டதும் ஸ்பேசர மறக்காம உள்ள போட்டுட்டு அப்புறம் ரெண்டாவது பேரிங். இந்த குட்டி குழாய் என்ன பண்ணுதுன்னா, வீல் நட்ட இறுக்கும்போது வர்ற அழுத்தத்த ரெண்டு உள் வளையத்துக்கும் நடுவுல தாங்கிக்குது. அது இல்லாம மாட்டினா நட்ட இறுக்க இறுக்க ரெண்டு உள் வளையமும் ஒன்ன ஒன்னு நோக்கி நெருக்கி பேரிங் பக்கவாட்டுல நசுங்கும், ரெண்டு மூணு ஓட்டத்துல அதுக்கு சங்குதான்.

ஆக்சில்ல விரல்ல தொட்ட அளவு கிரீஸ் தடவி உள்ள விடுங்க, துரு புடிச்சு ஒட்டாம இருக்கும், அடுத்த தடவ சுலபமா வரும். பின், ஹெக்ஸ், வீல், நட்டுன்னு வந்த வழியே மாட்டுங்க. பிளாஸ்டிக்ல ஏறுற ஸ்க்ரூவ மொதல்ல எதிர்ப்பக்கமா திருப்புங்க, ஒரு எடத்துல க்ளிக்குன்னு இறங்கும், அது பழைய மரை ஆரம்பிக்கிற எடம், அங்க இருந்து இறுக்கினா அதே மரைல ஏறும், இல்லன்னா புதுசா மரை வெட்டிட்டு போயி ரெண்டு மூணு தடவைல ஓட்டை லொடலொடன்னு ஆயிடும். பிளாஸ்டிக்ல திரெட்லாக் போடாதீங்க, சில பிளாஸ்டிக் அதால விரிசல் விடும், அது இரும்புக்கு இரும்பு ஏறுற எடத்துக்கு மட்டும்.

வீல் நட்ட இறுக்கிட்டு வீல சுத்தி பாருங்க. இறுக்கினா வீல் நிக்குது, கால் சுத்து தளத்தினா சுத்துதுன்னா, நட்ட தளத்தி விட்டு சமாளிக்காதீங்க. ஒன்னு ஸ்பேசரோ ஷிம்மோ விட்டுப் போயிருக்கும், இல்ல பேரிங் அடி வரைக்கும் உக்காரல. திரும்ப கழட்டி பாருங்க.

கியர் பாக்ஸும் மத்ததும்

முன் வீலும் இதே கதைதான், கூட கிங்பின் ஸ்க்ரூ மேல ஒன்னு கீழ ஒன்னு, அவ்வளவுதான். ஹப்ப மாட்டினதும் ஸ்டீயரிங் ரெண்டு பக்கமும் தடங்கல் இல்லாம திரும்புதான்னு பாருங்க.

டிஃப் பக்கம் போனா பேரிங் சும்மா கையிலயே வந்துடும், அங்க தலைவலி ஷிம். காகிதம் மாதிரி மெல்லிசான வாஷர், 0.1, 0.2 எம்எம் தடிமன், டிஃப் எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி உக்காரணும்னு அதுதான் முடிவு பண்ணுது. பழைய பேரிங் பின்னாடி கிரீஸ்ல ஒட்டிக்கிட்டு அதோட குப்பைக்கு போயிடும், அப்புறம் கியர் ரெண்டும் சரியா கடிக்காம பல்லு பொடிப்பொடியா போகும். கழட்டின ஒவ்வொரு பேரிங்கையும் திருப்பி பின்னாடி பாத்துட்டுத்தான் கீழ வைக்கணும். ஒரு பேப்பர்ல இடது வலதுன்னு எழுதி அதுமேல அந்தந்த பக்கத்து ஷிம்ம வச்சுக்குங்க.

நைட்ரோ கார் (எரிபொருள் எஞ்சின்ல ஓடுறது) வச்சிருக்கவங்களுக்கு கிளட்ச் பெல் (கிளட்ச மூடி சுத்துற கிண்ணம்) பேரிங்தான் எல்லாத்துக்கும் முன்னாடி போகும், எஞ்சின் சூடும் கிளட்ச் பொடியும் வேகமும் ஒன்னா சேருற எடம் அது. அதுக்கு மட்டும் ஒரு செட்டு எப்பவும் கையில வச்சுக்குங்க. பிரஷ்லெஸ் மோட்டார் பேரிங் மாத்துறத முதல் தடவையே தொடாதீங்க, உள்ள இருக்குற ரோட்டர் காந்தம் இழுக்குற இழுப்புல விரல் நசுங்கும், சென்சார் போர்டும் பக்கத்துலயே இருக்கு. மோட்டார் பேரிங்ல அப்பப்ப ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டாலே நெறைய நாள் ஓடும்.

மாத்தணுமா, கழுவினா போதுமா

வெறும் காய்ஞ்சு போயி கீச்சுன்னு கத்துற பேரிங்க காப்பாத்தலாம், நறநறன்னு தடுக்குறத காப்பாத்த முடியாது, எவ்வளவு கழுவினாலும் பாதைல விழுந்த குழி குழிதான். காப்பாத்தணும்னா ரப்பர் மூடிய ஊசி முனைய உள் வளையத்து ஓரமா விட்டு மெதுவா நெம்புங்க, அது முழுசா வரும், திரும்ப அழுத்தினா உக்காந்துக்கும். ஒரு சின்ன பாட்டில்ல ஆல்கஹால் ஊத்தி அதுல போட்டு குலுக்குங்க, கறுப்பா தண்ணி வரும், ரெண்டு தடவ மாத்துங்க. நல்லா காய விட்டுட்டு கிரீஸ் வைங்க, உள்ள இருக்குற எடத்துல மூணுல ஒரு பங்கு போதும், ரொம்பினா சூடாகும்.

இதுல ஒன்னு கண்டிப்பா சொல்லணும். காய வைக்கிறேன்னு காத்து அடிக்கிற கம்ப்ரெசர வச்சு பேரிங்க சுத்த விடாதீங்க. ஊய்ங்னு சத்தம் கேக்க நல்லாத்தான் இருக்கும், அந்த வேகத்துல குண்டுங்கள புடிச்சு வச்சிருக்குற கூண்டு ஒடஞ்சு குண்டு தெறிச்சா நேரா கண்ணுக்குத்தான் வரும். அப்புறம் டபிள்யூடி-40, அத அடிச்சா அன்னைக்கு சத்தம் நிக்கும், உள்ள இருந்த கிரீஸையும் கரைச்சு வெளிய அனுப்பிடும், அடுத்த வாரம் இன்னும் மோசமா கத்தும். தண்ணில ஓட்டிட்டு வந்த அன்னைக்கு ஈரத்த வெரட்ட அடிக்கலாம், ஆனா அதுக்கு மேல எண்ணெய் விடணும்.

எல்லாம் மாட்டி முடிச்சதும் மொதல் ஓட்டம் பாதி பேட்டரி மட்டும் ஓட்டுங்க. நிறுத்தினதும் ஒவ்வொரு ஹப்பையும் விரல்ல தொட்டு பாருங்க, நாலும் ஏறக்குறைய ஒரே சூடா இருக்கணும், ஒன்னு மட்டும் தனியா சுட்டா அத கழட்டி பாருங்க, பெரும்பாலும் சாய்வா உக்காந்திருக்கும். வீல் நட்டு நாலையும் ஒரு தடவ திரும்ப இறுக்கிடுங்க. கழட்டின பழைய பேரிங்ல அளவுக்கு ஒன்னு எடுத்து நல்லா கழுவி டூல் பாக்ஸ்ல போட்டு வைங்க, அடுத்த தடவ புதுச அழுத்துறதுக்கு அதுதான் கட்டை.